கண்ணாடிக்கு வைத்த பொட்டு

காளிதாஸின் காரில் பட்ட கல் கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். அது முன்கண்ணாடியில் உண்டாக்கிய காயம் மிளகளவு. அந்த மிளகளவு காயத்தைக் கவனிப்பதற்காக செஜோக் ஹாத்தி இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தனிப் பிரிவையும், ஓர் ஆய்வுக்கூடத்தையும், பல அதிகாரிகளையும் வேலைக்கு இறக்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கம்பெனி சும்மா இருந்தது என்று யாராவது நினைத்துவிடக்கூடும். செஜோக் ஹாத்தி என்றால் மலாயில் குளிர்ந்த மனம். யாருடைய மனம் என்று அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

காளிதாஸ் ஜொகூர் மாநிலத்தின் கூலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு பண்டார் தெங்காராவில். இடையில் இருக்கும் சாலையில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை அம்பாரமாக ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். அப்படிப்பட்ட ஒரு லாரியின் பின்சக்கரம்தான் ஒரு நாள் காலை அந்தக் கல்லை எடுத்து அவர் மேல் எறிந்தது. டக்கென்று ஒரு சத்தம். காளிதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். கல் பட்டு, போயும் போய்விட்டது என்பது கொஞ்ச தூரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி புஷ்பவள்ளியிடம் காட்டினார். புஷ்பவள்ளி காயத்தை உற்றுப் பார்த்தார். எதிர்வீட்டையும் ஒரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து, காயத்தின் மேலேயே அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார்.

“கல்யாணத்தை வச்சுக்கிட்டு கண்ணாடியில கீறல் இருக்கக்கூடாதுங்க. இனிமே யார் பாத்தாலும் கண்ணு பொட்டு மேலதான் போகும்.”

அந்த வீட்டில் இது புதிதல்ல. பிரிட்ஜுக்குப் பொட்டு உண்டு. ரைஸ் குக்கருக்கு உண்டு. வாஷிங் மெஷினுக்கு இரண்டு உண்டு, அது ஒரு முறை தீப்பிடித்ததால். எந்தப் பொட்டைப் பற்றியும் இதுவரை யாரும் விளக்கம் கேட்டதில்லை.

கல்யாணம் மகள் வாசுகிக்கு. அடுத்த மாதம் கூலாய் மண்டபத்தில். மாப்பிள்ளை ஜீவன் பொந்தியான்காரர். வாசுகிக்கு வேலை சிங்கப்பூரில். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடிவதற்கு முன்னால் காளிதாஸ் இந்தக் காரில்தான் அவளை எல்லையில் இருக்கும் ஜொகூர் பாரு சோதனைச்சாவடி வரை கொண்டுபோய் விட்டார். அவள் முன்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டே வருவாள். பேசிக்கொள்ளமாட்டார்கள். சாலை மேட்டில் அவர் மெதுவாக ஏற்றி இறக்குவார், அவ்வளவுதான்.

“மண்டபத்துக்கு உங்க கார்லதான் வருவேன்பா. நீங்கதான் ஓட்டணும்” என்று வாசுகி சொல்லியிருந்தாள். மாமா செல்லம் கோலாலம்பூரிலிருந்து நீளமான வெளிநாட்டுக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னார். அவள் அதைப் படத்தில்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளை அழைத்துப்போகும் கடைசி ஓட்டம் என்பது காளிதாஸுக்குத் தெரியும். அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அவளை ஜீவன் கொண்டுபோய் விடுவார். அந்த ஓட்டத்துக்கு முன்னால் கண்ணாடியைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேராசை எதுவும் இல்லை.

முதலில் ஏஜெண்ட் சதாசிவத்துக்குப் போன் போட்டார். பாலிசி எடுக்கும்போது, “கண்ணாடிக்குத் தனியா கவர் போட்டுட்டேன்ணே. ஒரு காசு நீங்க கட்ட வேணாம். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க” என்று சொன்னவர் அவர்தான்.

“அது உடைஞ்சா அண்ணே. இது உடையலையே லா, காயந்தானே. கம்பெனிக்கு அடிச்சுப் பாருங்க” என்றார் சதாசிவம். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை.

கம்பெனியில் எடுத்தது லோஷினி என்ற பெண்.

“கல்லு பட்டப்ப நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்களா சார், ஓடிக்கிட்டு இருந்தீங்களா?”

“ஓடிக்கிட்டு இருந்தேன்மா.”

“கல்லு?”

“அதுவும்.”

“ரெண்டு பேருமே ஓடினதால பொறுப்பு ரெண்டு பேருக்கும் உண்டு சார். உங்க பங்கு எக்சஸ். கல்லு சிங்கப்பூர் கல்லா, ஜொகூர் கல்லா?”

“பண்டார் தெங்காரா கல்லு.”

“நல்ல வேளை சார். உள்நாட்டு எக்சஸ்தான்.”

“கல்லோட பங்கை யாரு கட்டுவாங்க?”

“கல்லை நீங்க அடையாளம் காட்டுனீங்கன்னா நாங்க நடவடிக்கை எடுப்போம்.”

எக்சஸ் என்றால் இதுதான்: நஷ்டத்தில் முதல் பங்கை நீங்கள் கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் ஆனால் கம்பெனி கட்டும். மிளகளவு காயத்தில் பசையை இறக்கி ஒட்டுவதற்கு ஆகும் செலவோ அந்த முதல் பங்கில் பாதிகூட வராது. எப்படிப் பார்த்தாலும் கம்பெனி செலவழிக்க வேண்டியது நல்லெண்ணம் மட்டும்தான்.

“சரிம்மா, விடுங்க. நானே வெளியில ஒட்டிக்கிறேன்.”

“நீங்க போன் பண்ணவுடனே கிளைம் திறந்துருச்சு சார். திறந்த கிளைம் இருக்கற கண்ணாடிய வெளியில யாரும் தொடக்கூடாது. தொட்டா காரோட பாலிசியே செல்லாது.”

“அப்ப மூடிருங்க.”

“திறக்கறதுக்கு நான் போதும் சார். மூடுறதுக்கு ஜொகூர் பாரு ஆபீஸுக்கு நேர்ல போகணும்.”

ஜொகூர் பாரு அலுவலகத்தில் கண்ணாடிச் சிறுகாயப் பிரிவு என்று பலகை வைத்த ஓர் அறை இருந்தது. பிரிவுக்கு அதிகாரி ஜெயபாலன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் விபூதிக்கீற்று, அதன் நடுவில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். பார்த்தவுடன் காளிதாஸுக்கு நம்பிக்கை வந்தது. நம்ம பிள்ளை, புரிந்துகொள்வான் என்று நினைத்தார்.

“எக்சஸ்னா பலபேரு தண்டனைன்னு நினைக்கிறாங்க சார்” என்று ஜெயபாலன் ஆரம்பித்தார். “அப்படி இல்ல. முன்னெல்லாம் கம்பெனியே முழுசாக் கட்டிரும். வாடிக்கையாளருக்கு ஒரு வேலையும் இருக்காது. அவரோட சொந்தக் கண்ணாடி, ஆனா அதுல அவருக்குப் பங்கே இல்லாம ஓரமா நிப்பாரு. அதைப் பாத்து எங்க டைரக்டர் கண்கலங்கிட்டாரு. இனிமே எந்தக் கஷ்டத்துலயும் வாடிக்கையாளரை நாம ஒதுக்கி வைக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணாரு.”

“சரி. இதுல கம்பெனியோட பங்கு என்ன?”

“நாங்க பக்கத்துல இருப்போம் சார்.”

காளிதாஸ் யோசித்தார். “கண்ணாடி முழுசா உடைஞ்சிருந்தா?”

“அதுக்கு எக்சஸே கிடையாது. புதுக் கண்ணாடி போட்டுத் தருவோம்.”

“கொஞ்சமா உடைஞ்சா நான் கட்டணும். முழுக்க உடைஞ்சா நீங்க கட்டுவீங்க.”

“பெருசா வர்றவங்களை நாங்க பெருசா மதிக்கிறோம் சார்.” ஜெயபாலன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணும் சொல்லல. நீங்களா உடைச்சா அது குற்றம். தானாப் பெருசானா அது கடவுள் செயல். கடவுளுக்கு எக்சஸ் போட எங்களுக்கு அதிகாரம் இல்ல.”

காளிதாஸ் நாணயமானவர். கண்ணாடி மேல் சுத்தியலை ஓங்குபவர் அல்ல. ஆனால் கடவுளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதில் தப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்த வார விடுமுறை முழுவதும் செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனார். சாலை மேடுகளில் மெதுவாக ஏற்றாமல் தூக்கிப் போட்டார். வெயிலில் காரை நிறுத்தி, கண்ணாடி கொதித்ததும் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஒரு லாரிக்காரர் வெகுநேரம் பக்கக் கண்ணாடியில் இவரையே பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் ஓரங்கட்டி நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணே, நான் யாருக்காச்சும் கடன் பாக்கி வச்சிருக்கேனா? வீட்ல சொல்லிறாதீங்க.”

“ஐயோ அதெல்லாம் இல்லப்பா. உன் டயர்லேருந்து எனக்கு ஒரு கல்லு வேணும்.”

லாரிக்காரர் டயர் இடுக்கில் விரலை விட்டு ஒரு கல்லை நோண்டி எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

காயம் ஒரு நூல்கூட வளரவில்லை. “அம்மன் பிடிச்சு வச்சிருக்கா” என்று புஷ்பவள்ளி பொட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தார். காளிதாஸ் தோல்வியை ஒப்புக்கொண்டு, கேட்ட எக்சஸைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்று மறுபடியும் ஜொகூர் பாரு போனார். நியாயமாகப் பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பணத்தை வாங்குவதற்கு முன்னால் காயத்தை ஒரு முறை நேரில் பார்த்துவிடுவது பிரிவின் வழக்கம் என்று ஜெயபாலன் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தார்.

“இது என்ன சார்?”

“எது?”

“செவப்பா ஒரு பொருள் காயத்தை அடைச்சிருக்கே.”

காளிதாஸ் ஜெயபாலனின் நெற்றியைப் பார்த்தார். “பொட்டு.”

“அப்படின்னா?”

“உங்க நெத்தியில இருக்கே தம்பி, அதேதான்.”

ஜெயபாலன் பெருமூச்சு விட்டார். “சார், நெத்தி வீட்டு விசயம். பொட்டுன்னா என்னன்னு ஜெயபாலனுக்கு நல்லாத் தெரியும். எங்கம்மாதான் தினமும் வச்சு விடுறாங்க. ஆனா சிறுகாயப் பிரிவு அதிகாரிக்கு அது தெரியாது. ரெண்டையும் கலந்தேன்னா ஆடிட்ல மாட்டிக்குவேன். இதை வச்சது யாரு?”

“என் சம்சாரம்.”

ஜெயபாலன் முகம் இருண்டது. அங்கீகாரம் இல்லாத ஒரு மூன்றாம் தரப்பு, அங்கீகாரம் இல்லாத ஒரு பொருளைக் கொண்டு, திறந்த கிளைமில் பழுது பார்த்திருக்கிறது. பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய விவகாரம் அவர் கைக்கு வந்ததில்லை. அவர் கொஞ்சம் மகிழ்ச்சியாகவும் இருந்தார் என்று காளிதாஸ் பிறகு சொன்னார்.

மூன்றாம் தரப்பை விசாரணைக்கு அழைத்தார்கள். புஷ்பவள்ளி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனார். கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து பிரேமலா என்ற மேலதிகாரி திரையில் தோன்றினார்.

“மேடம், கண்ணாடிப் பழுது வேலை எங்க கத்துக்கிட்டீங்க?” என்றார் பிரேமலா.

“எங்கம்மாகிட்ட.”

“அவங்க எந்தப் பட்டறை?”

“ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனாங்க.”

“பொருளை எந்தக் கருவியால பூசுறீங்க?”

“மோதிர விரலால.”

“அந்த விரலுக்கு ஏதாவது சான்று இருக்கா?”

புஷ்பவள்ளி விரலைத் திரைக்கு அருகில் காட்டினார். “இவரு போட்ட மோதிரம் இருக்கு.”

“பூசினது எவ்வளவு காலம் தாங்கும்?”

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை துடைச்சிட்டுப் புதுசு வைப்பேன்.”

திரையில் பிரேமலா பக்கத்தில் இருந்த யாரிடமோ திரும்பி, “வாராந்திரப் பராமரிப்பு பண்றாங்க. நம்ம பட்டறைங்க வருசத்துக்கு ஒரு தடவைகூடப் பண்றதில்ல” என்று சொன்னது கேட்டது. பிறகு இந்தப் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார். “உங்க நல்லதுக்குத்தான் மேடம். அந்தப் பொருள் கண்ணாடிக்கு என்ன பண்ணியிருக்குன்னு தெரியாம உங்களை ஓட்ட விட எங்களுக்கு மனசு வரல. கண்ணாடியைக் கழட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிருவோம். உங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்.”

“கண்ணாடி இல்லாம ஓட்டுறது பாதுகாப்பா?” என்று காளிதாஸ் கேட்டார்.

“அது கண்ணாடி சம்பந்தப்பட்டது இல்ல சார். அது வேற பிரிவு.”

கூலாயில் கம்பெனி அங்கீகரித்து வைத்திருந்த பேனல் பட்டறை ருக்னுதீனுடையது. அவர் கண்ணாடியைக் கழற்றி, பொட்டு கலையாமல் பஞ்சு வைத்து, பெட்டியில் போட்டு, உடையக்கூடியது என்று எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். அதே மாடலுக்குப் புதுக் கண்ணாடி ஒன்று அவருடைய பட்டறைச் சுவரிலேயே சாய்ந்திருந்தது. காளிதாஸ் அதைத் தடவிப் பார்த்தார்.

“கண்ணாடி இருக்கு காளி அண்ணே. மாட்ட என் கையும் இருக்கு” என்றார் ருக்னுதீன். “கம்பெனி கையெழுத்து இல்லாம மாட்டினா நாளைக்கே என்னைப் பேனல்லேருந்து தூக்கிருவாங்க. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கணும். வெள்ளிக்கிழமை கையெழுத்து வந்துரும்னு சொல்லியிருக்காங்க.”

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் நேரம் இருக்கிறது என்று காளிதாஸ் மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் ஜொகூரில் வார விடுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. பல வருடம் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தது. பிறகு சனியும் ஞாயிறும் என்று மாற்றினார்கள். ஊரெல்லாம் பழையதை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறியது. செஜோக் ஹாத்தி மட்டும் பழைய மரபையும் கைவிட மனமில்லாமல் இரண்டையும் கடைப்பிடித்து வந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகம் பூட்டியிருந்தது. சனிக்கிழமை காளிதாஸ் வேறு பட்டறைகளுக்கு அலைந்தார். ஒவ்வொருவரும் வண்டி எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்து, “திறந்த கிளைமா, அலமாக், வேணாம் அங்கிள்” என்று பதறிக் கையை எடுத்துவிட்டார்கள். செல்லம் சொன்ன வெளிநாட்டுக் கார் கோலாலம்பூரில் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைத் தருவதாகச் சொன்னார். காளிதாஸ் அன்று மாலை வாசல் படியில் உட்கார்ந்து, முன்பக்கம் ஓவென்று திறந்து கிடந்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மருதாணியோடு வாசுகி வந்து பக்கத்தில் நின்றாள்.

“அடுத்த வீட்டு வண்டியச் சொல்லிரட்டாம்மா?” என்றார் அவர்.

வாசுகி காரைச் சுற்றி வந்தாள். “கண்ணாடி இல்லாட்டி என்னப்பா, சக்கரம் இருக்குல்ல?”

ஞாயிற்றுக்கிழமை காலை பண்டார் தெங்காராவிலிருந்து ஒரு கல்யாணக் கார் புறப்பட்டது. காளிதாஸ் தொழிற்சாலையில் ரசாயனப் பிரிவில் போட்டுக்கொள்ளும் பெரிய கண்ணாடிகளில் நாலைந்து எடுத்து வந்திருந்தார். வண்டிக்குக் கண்ணாடி இல்லை, ஆளுக்கு ஒன்று இருந்தது. பட்டு வேட்டியும் ரசாயனக் கண்ணாடியுமாக அவர் ஓட்டினார். காஞ்சிபுரம் பட்டும் ரசாயனக் கண்ணாடியுமாகப் புஷ்பவள்ளி பின்சீட்டில் இருந்தார். மணப்பெண் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று எவ்வளவோ சொல்லியும் வாசுகி முன்சீட்டில்தான் ஏறினாள். தலையில் மல்லிகை கலையாமலிருக்கக் குளியலறைத் தொப்பி. முகத்துக்கு முன்னால் ஊடுருவித் தெரியும் ஒரு பிளாஸ்டிக் குடை. அலங்காரம் செய்த ஷாமளா வாசலில் நின்று, வேலைக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வளைவில் குடை மடங்கிப் பின்சீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது வளைவில், கார் மூக்கில் கட்டியிருந்த மாலை அவிழ்ந்து உள்ளே பறந்து வந்து காளிதாஸின் கழுத்தில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு விழுவதற்கு முன்னால் மாமனாருக்கு மாலை விழுந்தது நல்லதா கெட்டதா என்று புஷ்பவள்ளியால் முடிவு செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு காளிதாஸ் சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகள் இது ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஒலி எழுப்பாமல் மரியாதையாக வரிசையில் வந்தன. ஒருவர் முந்தி வந்து போனில் படமெடுத்தார்.

செம்பனைத் தோப்புகளுக்கு நடுவில் காற்று குளிர்ந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் வாசுகி தூங்கிவிட்டாள், வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு. பூச்சி எதுவும் போய்விடக்கூடாதே என்று புஷ்பவள்ளி பின்னாலிருந்து கையை நீட்டி மகளின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். காளிதாஸ் இன்னும் மெதுவாகப் போனார். கண்ணாடி இருந்திருந்தால் எவ்வளவோ முன்னதாகவே மண்டபம் வந்திருக்கும். அது அவ்வளவு சீக்கிரம் வந்துவிடவில்லை என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

தாலி கட்டி முடிந்து, ஆட்கள் பந்திக்கு நகரும்போது ஜெயபாலன் வந்து சேர்ந்தார். கையில் கோப்பு, கழுத்தில் அலுவலக அட்டை. காலையில் எடுத்த படம் அதற்குள் ஜொகூர் முழுவதும் சுற்றியிருந்தது.

“ஜெயபாலனா வந்திருந்தா வாழ்த்திட்டுப் போவேன் சார். இன்னைக்கு அதிகாரியா அனுப்பியிருக்காங்க. கம்பெனி பொறுப்புல இருக்கற கண்ணாடியோட இடத்துல காத்தை வச்சு ஓட்டியிருக்கீங்க. அதைப் பாத்து எழுதணும்.”

“லீவு நாளாச்சே.”

“உங்களுக்குக் கையெழுத்து போடத்தான் லீவு சார். எழுதிக்கிட்டுப் போறதுக்கு லீவு இல்ல.”

காரை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பப் பார்த்தார். கல்யாண மண்டபத்துக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் செல்லத்துக்கு இல்லை. தோளில் கையைப் போட்டு இழுத்துவந்து பந்தியில் உட்கார வைத்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோற்று வாளி நெருங்கும்போது காளிதாஸ் வந்து வாளியை நிறுத்தினார். இந்த மாதம் முழுவதும் அடக்கி வைத்திருந்தது அவருக்குள் எழுந்து நின்றது.

“தம்பி, சாப்பாடு முழுக்க எங்க செலவு. ஒரு காசு வேணாம். ஆனா முதல் சோறு உங்க பங்கு. நீங்க கொண்டுவந்து போட்டுக்கணும். அதுக்கு மேல எவ்வளவு கேட்டாலும் நாங்க போடுவோம்.”

ஜெயபாலன் வெறும் இலையைப் பார்த்தார். கூனிக்குறுகிப் போவார் என்று காளிதாஸ் எதிர்பார்த்தார். ஜெயபாலன் நிமிர்ந்தபோது முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது.

“நல்ல முறை சார். ஆனா அது சின்னப் பசிக்குத்தானே? எனக்குக் காலையிலேருந்து ஒண்ணுமில்ல. இது முழுப் பசி. முழுசுக்கு எக்சஸ் வராது.”

“பசி எப்படி முழுசாச்சு? நீங்களாப் பண்ணிக்கிட்டீங்களா?”

“தானா ஆனது சார். கடவுள் செயல்.”

காளிதாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் தோளில் போட்டிருந்த துண்டு லேசாகக் குலுங்கியது. பிறகு வாளியைத் தானே வாங்கி, ஜெயபாலன் போதும் போதும் என்று கையால் இலையை மறைக்கும்வரை சோறு போட்டார்.

பாயசத்தின்போது ஜெயபாலன் ஒரு நல்ல செய்தி சொன்னார். “ஆய்வுக்கூட அறிக்கை வந்துருச்சு சார். காயம் துளியும் வளரலையாம். எங்க பசையைவிட அந்தப் பொருள் நல்லாப் பிடிச்சிருக்காம். இனிமே எல்லாச் சிறுகாயத்துக்கும் அதையே வச்சிரலாம்னு தலைமையகம் யோசிக்குது. இந்த அம்மாவையும் பேனல்ல சேத்துக்குவாங்க.”

“இலவசமாவா?” என்றார் புஷ்பவள்ளி.

“வச்சுக்கறவங்களுக்கு எக்சஸ் உண்டும்மா.”

“என் கண்ணாடி?” என்றார் காளிதாஸ்.

“அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டப் போறாங்க சார். புதுசுக்கு நாளைக்குக் கையெழுத்து போட்டுருவேன்.”

மதியம் தாண்டியதும் மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டார்கள். ஜீவனின் கார் சுத்தமாக, எல்லாக் கண்ணாடிகளோடும் வாசலில் வந்து நின்றது. வாசுகி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவிடம் வந்தபோது அழாமல், “மேட்டுல மெதுவாப் போகச் சொல்லியிருக்கேன்பா” என்று ஜீவனைக் காட்டினாள். கார் பொந்தியான் சாலையில் திரும்பி மறையும்வரை காளிதாஸ் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மண்டபத்தைக் காலி செய்துவிட்டு இருவரும் தங்கள் காருக்கு வந்தார்கள். பின்சீட்டில் ஜெயபாலன் ரசாயனக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, கோப்பை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகும் ஓட்டத்தையும் கூட இருந்து பார்த்து எழுத வேண்டுமாம். அவரை இறங்கச் சொல்ல இருவருக்கும் தெம்பில்லை. புஷ்பவள்ளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காளிதாஸ் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தார். அவருடைய ரசாயனக் கண்ணாடி மடியில் கிடந்தது.

“சார், கண்ணுல தண்ணி வருது” என்றார் ஜெயபாலன் பின்னாலிருந்து. “படிவத்துல ஓட்டுநர் நிலைன்னு ஒரு இடம் இருக்கு. காரணம் எழுதணும்.”

“காத்து தம்பி. கண்ணாடி இல்லல்ல.”

ஜெயபாலன் எட்டி அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். “வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகலையே சார்.”

புஷ்பவள்ளி திரும்பாமலேயே சொன்னார், “காத்துன்னே எழுதுங்க தம்பி.”

ஜெயபாலன் எழுதினார்.